பெட்டிக் கதவின் வரியை உண்மையாக்கிய எஸ்தர் மேடம்

டேவிட் சாரின் தொலைபேசி வந்தபோது நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பல்லடத்திலிருந்து வந்த ஒரு சாயப்பட்டறைக்காரர் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். “மேடம் வியாழக்கிழமை நேர்லயே வந்து பெட்டியை மாட்டிக் குடுத்துருவாங்க, நீங்க தைரியமாப் போங்க” என்று அவருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டே ரிசீவரை எடுத்தேன். அப்படியொரு வியாழக்கிழமை இருப்பது மேடத்துக்கே தெரியாது. முதலில் நான் சொல்லிவிடுவேன். அப்புறம்தான் அவரிடம் போய்ச் சொல்வேன். “மறுபடியுமாங்கண்ணா?” என்பார். ஆனால் போவார். எங்கள் தொழில் இப்படித்தான் இத்தனை காலம் நடந்தது.

“அண்ணா, எஸ்தர் போயிட்டாண்ணா. விடியக்காலம் மூச்சு முட்டுதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் வந்தா” என்றார் டேவிட் சார். மேடத்தின் கணவர். அதிகம் பேசாதவர்.

ரிசீவரை வைத்தேன். பல்லடத்துக்காரர், “மேடந்தானுங்களா? வியாழக்கிழமை வாராங்களாமா?” என்று கேட்டார். “வரமாட்டாங்க” என்றேன். ஒரு வாடிக்கையாளரிடம் நான் யோசிக்காமல் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் அச்சடித்து அனுப்பும் இந்தத் தாளை வாங்குகிறவர்கள் எல்லோரும் எங்கள் பெட்டியை வைத்து நூலுக்கும் பனியன் துணிக்கும் சாயம் ஏற்றுகிறவர்கள். மேடத்தைத் தெரியாதவர் யாரும் உங்களில் இல்லை. வழக்கமாக இந்தப் பக்கத்தில் அவர்தான் எழுதுவார், புதுச் சிப்பில் என்ன மாற்றம், எதை எப்படி எழுத வேண்டும் என்று. இருந்தாலும் பட்டறைக்குப் புதிதாக வந்த யாராவது எடுத்துப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். எஸ்தர் மேடம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய வேலையை விட்டுவிட்டு வந்து, சாயம் போடும் மெஷினுக்கு உத்தரவு எழுதுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் பாஷையை உண்டாக்கியவர். அந்த உத்தரவை நிறைவேற்றும் பெட்டிக்குத் தகரம் வளைத்தவன் நான். கணபதியில் பட்டறை. படிப்பு எட்டாவது; அதையும் நானாக விடவில்லை, பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது.

அவரைப் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், அவர் பிறந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். ஆயிரம் பேர் வந்திருந்தார்கள் என்று எழுதத்தான் கை போகிறது. வேனில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தும் அந்தச் சின்னத் தோட்டத்தில் மர நிழலிலேயே நிற்க இடம் மிச்சமிருந்தது. ஆனால் வந்தவர்களின் கைகளைப் பார்த்தேன். எந்த சோப்புக்கும் போகாத நீலமும் கருப்பும் நகக்கண்ணில் ஏறிக் கிடக்கும் கைகள். அந்தக் கைகளால் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். டேவிட் சார் என் தோளைத் தொட்டு, “தாள்ல நீங்கதாண்ணா எழுதணும். ஆனா ஒண்ணு. அவ படிச்சாலும் தலையாட்டற மாதிரி எழுதுங்க” என்றார்.

மேடம் எதற்குத் தலையாட்டுவார், எதற்கு ஆட்டமாட்டார் என்பதை நான் அவரைப் பார்த்த முதல் நாளே தெரிந்துகொண்டேன். மாணவர்களின் செய்முறைக்கு ஒரு தகரப் பெட்டி வேண்டும் என்று பாலிடெக்னிக்கிலிருந்து என் பட்டறைக்கு வந்திருந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“நம்ம பெட்டி மேல யானையே ஏறி நின்னுதுங்க அம்மணி. ஒரு நெளிவு இல்ல.”

“எந்த யானைங்கண்ணா?”

“கோயில் யானைங்க.”

“எந்தக் கோயிலுங்க?”

இதுவரை யாரும் கோயில் பெயர் கேட்டதில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்கண்ணா, உங்க பேச்சுல மூணு வகை இருக்குது. நடந்தது ஒண்ணு. நடந்திருக்கலாம்ங்கறது ஒண்ணு. நடந்திருந்தா நல்லா இருக்கும்ங்கறது ஒண்ணு. மூணையும் ஒரே குரல்ல சொல்றீங்க. இந்த யானை எந்த வகைங்க?”

“மூணாவதுங்க.”

“சரி, அப்ப நானே ஏறிப் பாத்துக்கறேன்” என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிமேல் ஏறி நின்றார். அவர் அப்படியொன்றும் கனமான ஆள் இல்லை. மூடி உள்ளே போய்விட்டது. அடுத்த வாரம் கெட்டித் தகரத்தில் வேறு செய்து, நானே ஏறி நின்று காட்டித்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

அவருடைய பாஷையின் அடிப்படையும் அந்தக் கேள்விதான். அதில் எந்த எண்ணையும் மொட்டையாக எழுத முடியாது. முப்பது என்றால் முப்பது டிகிரியா, முப்பது நிமிடமா, முப்பது லிட்டரா என்று சொல்லியாக வேண்டும். நிமிடம் போட வேண்டிய இடத்தில் டிகிரியைப் போட்டால், ‘வகை சேரவில்லை’ என்று கம்ப்யூட்டர் திருப்பிக் கொடுத்துவிடும். துணி தொட்டிக்குள் போகும் முன்பே தப்பு தெரிந்துவிட வேண்டும் என்பது மேடத்தின் பிடிவாதம். “வெந்த சோத்துல உப்பு பாத்துப் போட்டுக்கலாம். ஏறுன சாயத்தை எறக்க முடியாதுங்கண்ணா” என்பார்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், இந்த பாஷையைப் படிக்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டர். அதற்கான வேலையை மேடம் எழுதினார். இன்னொன்று, மெஷின் பக்கத்தில் தண்ணீரிலும் ஆவியிலும் நிற்கும் என் பெட்டி. அதன் சிப்புக்குள் இருப்பதை முரளி எழுதினான். கெட்டிக்காரப் பையன், எங்களிடம் சம்பளத்துக்கு இருந்தான். “பெட்டிக்குள்ள அவ்வளவு இடம் இல்லீங்க மேடம். வகை பாக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும், பெட்டி சொன்ன வேலையைச் செய்யட்டும்” என்று பாதிச் சோதனைகளை விட்டுவிட்டான். ஆகவே ஒரே உத்தரவைக் கம்ப்யூட்டர் மாட்டேன் என்று சொல்லும், பெட்டி சரி என்று சொல்லும். சில இடத்தில் நேர்மாறாகவும் இருந்தது. மேடத்துக்கு இது தெரியும். சரிசெய்ய ஆறு மாதமாவது வேண்டும், அதுவரை யாருக்கும் எதையும் உறுதி சொல்ல வேண்டாம் என்று என்னிடமும் சொல்லியிருந்தார்.

என்னிடம் போய்ச் சொன்னார்.

துடியலூரில் ஒரு சாயப்பட்டறை. அதன் முதலாளி கந்தசாமி நல்ல விவரமான ஆள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்ல சரின்னு வந்துட்டா, பெட்டியிலயும் அதேதானுங்களா? ரெண்டும் வேற வேற சொல்லாதுங்களே?” என்று கேட்டார். மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான், “ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரிங்க. ஒண்ணு தும்முனா இன்னொண்ணு மூக்கைத் தொடைக்கும்” என்றேன். முதலாளி சிரித்துவிட்டார். ஆர்டர் அன்றைக்கே கிடைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மேடம் கேட்டார்.

“ரெட்டைப் புள்ளைங்க எந்த வகைங்கண்ணா?”

“ரெண்டாவதுங்க அம்மணி. நடந்திருக்கலாம்.”

“இன்னும் நடக்கலீங்களே.”

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த தவணைப் பெட்டிகளுக்குப் பவுடர் பூச்சு முடிந்ததும், ஒவ்வொரு கதவிலும் சிவப்பு எழுத்தில் ஒரு வரியை அச்சடித்து அடுப்பில் ஏற்றிவிட்டேன். உங்கள் பட்டறையிலும் அது இருக்கிறது: ‘கம்ப்யூட்டர் சொன்னதே பெட்டியும் சொல்லும்.’ மேடத்துக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமலே செய்தேன். அவர் வந்து பார்த்தபோது கதவுகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து ஆறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார், ஏதோ ஒன்றிலாவது வேறு மாதிரி எழுதியிருக்கும் என்பதுபோல.

“இதை அழிக்க முடியுமாங்கண்ணா?”

“அடுப்புல வெந்த எழுத்துங்க அம்மணி! தகரம் துருப்பிடிச்சுப் போனாலும் எழுத்து போகாது” என்றேன், பெருமையாக.

“அப்ப உண்மையாக்கத்தான் வேணும்” என்றார். கோபப்பட்டிருக்கலாம். அந்தக் கதவுகளை எடைக்குப் போடச் சொல்லியிருக்கலாம். அது என் கைக்கு வந்த தொழிலை அவமானப்படுத்துவதாக இருக்கும் என்று நினைத்திருப்பார். இப்படித்தான் அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தார். நானும் காப்பாற்றப்பட்டது தெரியாமலே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கந்தசாமி முதலாளியின் பட்டறையில் ஒரு தடவை மெல்லிய துணிக்காக, நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் தண்ணீரைச் சூடேற்றச் சொல்லி எழுதினார்கள். கம்ப்யூட்டர் சரி என்றது. பெட்டிக்கு முழு எண்தான் தெரியும். அரையை வெட்டிப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. நிமிடத்துக்குப் பூஜ்யம் டிகிரி. ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் சூடேறாத பச்சைத் தண்ணீரில் ஓடியது. துணி திட்டுத்திட்டாக வெளுத்து வந்தது.

நாங்கள் போனபோது முதலாளி சத்தம் போடவில்லை. என்னை மட்டும் பெட்டியிடம் கூட்டிப்போனார். “அண்ணனுக்குப் படிக்கத் தெரியுமுங்களா?”

“தெரியுமுங்க.”

“கதவுல என்ன போட்டிருக்குதுன்னு படிங்க. கொஞ்சம் சத்தமாங்க, மெஷின் ஓடுது பாருங்க.”

படித்தேன். ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் வாழ்நாளில் நான் எழுதியது அந்த ஒரே வரிதான். மேடம் முன்னால் வந்து நின்றார். “தப்பு என்னுதுங்க. அரை எண்ணு தெரியலைன்னா, தெரியலைன்னு பெட்டி சொல்லியிருக்கணும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எடுத்துக்கிட்டு வேலை செஞ்சிருக்குது. அதை விடப் பெரிய தப்பு இதுல வேற இல்லீங்க” என்றார். பெட்டியைத்தான் சொன்னார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அந்த வெட்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். “தீபாவளிக்குள்ள எல்லாப் பட்டறையிலயும், எல்லாப் பெட்டியும் சரிபண்ணிக் குடுத்துருவோமுங்க” என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவே சொல்லிப்போட்டேன். முதலாளி மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “ஆகட்டுங்க” என்றார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, “இந்த ஐப்பசியில எனக்கு ஒரு வேலை இருந்துதுங்கண்ணா. தள்ளி வெச்சுக்கறேன்” என்றார்.

“என்ன வேலைங்க அம்மணி?”

“ஒரு ரிப்பேருங்க.”

“ரிப்பேர்தானே? ஓடற வரைக்கும் ஓடட்டும் போங்க” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

முரளி அதற்குள் பெங்களூர் போய்விட்டான். ஆகவே அவன் எழுதியதையும் மேடமே உட்கார்ந்து படித்து, இரண்டையும் ஒரே வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் என் பட்டறை மேஜையில் கம்ப்யூட்டரையும் பெட்டியையும் முதுகோடு முதுகாக வைப்பார். கம்ப்யூட்டர் பக்கம் அவர், பெட்டி பக்கம் நான். உங்கள் பட்டறைகளிலிருந்து வாங்கி வந்த உத்தரவுகளையும், அவரே வேண்டுமென்று கோணலாக எழுதிய உத்தரவுகளையும் துண்டுச் சீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இரண்டுக்கும் கொடுப்போம். ஒருவர் திரையை ஒருவர் பார்க்கக் கூடாது. “ஏத்துக்கிச்சு”, “மாட்டேங்குது” என்று அவரவர் பதிலைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தச் சீட்டு கூடைக்குப் போகும். வேறாக இருந்தால் பெரிய ஸ்பேனருக்கு அடியில் போகும். அந்த ஸ்பேனரின் கீழ் இருப்பவைதான் வாரம் முழுக்க அவருடைய வேலை.

“இது எதுக்குங்க அம்மணி இத்தனை பாடு?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைச் சொன்னார். அவர் அப்பா மாடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர். சின்ன வயதில் அவரும் கூடவே போயிருக்கிறார். துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. “ஒரு விரலுன்னா புடிக்கறவருக்கும் புடிபடறவருக்கும் ஒண்ணேதாங்கண்ணா இருக்கணும். ஒருத்தரு நூறுன்னு நினைச்சு, ஒருத்தரு ஆயிரம்னு நினைச்சுட்டா, துண்டை எடுத்தப்புறம் அடிதடிதான். இந்தப் பெட்டியும் கம்ப்யூட்டரும் துண்டுக்கு அடியில இருக்குதுங்க.” அதற்குப் பிறகு எனக்கு யாரும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விளக்கத்தை நானே கண்டுபிடித்ததாகப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை பசி தாங்காமல், பெட்டி பதில் சொல்வதற்கு முன்பே, “ஏத்துக்கிச்சு” என்று குரல் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கமிருந்து, “பெட்டிக்குள்ள ரிலே தட்டற சத்தமே இன்னும் கேக்கலீங்களே. அது வாயத் தொறக்கட்டும், அப்புறம் நீங்க தொறங்க” என்றார் மேடம். பிறகு டிபன் டப்பாவைத் தள்ளி வைத்தார், நான் முதலில் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று.

வேறுபாடு வந்தால் கம்ப்யூட்டர் சொல்வதுதான் சரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எழுதியவரே அப்படி நினைக்கவில்லை. “கம்ப்யூட்டர் சொல்றதும் சட்டமில்ல, பெட்டி சொல்றதும் சட்டமில்லீங்கண்ணா. எழுதுனவரு என்ன நினைச்சு எழுதுனாரோ, அதைப் போயிக் கேக்கோணும்” என்பார். சில சீட்டுகளில் பெட்டியைத் திருத்தினார். சிலவற்றில் தன்னுடையதைத் திருத்தினார். கேட்பதற்காக எங்கெங்கோ பஸ் ஏறிப் போனார்.

சின்னச்சாமி மாஸ்டர் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என் வாய்வழியாகத் தெரிந்திருக்கும், அதனால் திரும்பச் சொல்கிறேன். சாயம் கலக்கும் மாஸ்டர்; அவர் கருப்பு பெயர்பெற்ற கருப்பு. புதுச் சிப்பை மாட்டியதும் பெட்டி அந்தக் கருப்பின் உத்தரவை ‘வகை சேரவில்லை’ என்று தள்ளிவிட்டது. தண்ணீரின் டிகிரியில் நாற்பதைக் கழித்து, மிச்சத்தை அப்படியே ஊற வைக்கும் நேரமாக அவர் எழுதி வைத்திருந்தார். அதாவது நிமிடம் இருக்க வேண்டிய இடத்தில் டிகிரி. கம்ப்யூட்டருக்குக் காட்டாமல் நேரே பெட்டியில் கொடுத்து வந்தார்; பழைய பெட்டி எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் கொதித்துப் போனார். “மூணு வருசமா இதைத்தானே வாங்கி வேலை செஞ்சுது? இப்ப என்ன, பெட்டி படிச்சுப்போட்டு வந்துருச்சா? என்ற கருப்பைத் தப்புன்னு சொல்ல அந்தம்மா யாரு?”

அந்தப் பட்டறையில் மெஷின்கள் மேல்தளத்தில். ஏறும்போது மேடம் பாதிப் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் மேலே போய்விட்டுத் திரும்பிப் பார்த்து, “என்னங்க அம்மணி, இதுக்கே மூச்சு வாங்குது? நானெல்லாம் மருதமலைப் படி மொத்தத்தையும் நிக்காம ஏறுவேனுங்க” என்றேன். அவர் மூச்சை இழுத்து, “மூணாவது வகை” என்றார். இன்னொரு மூச்சு இழுத்து அடுத்த படியில் காலை வைத்தார்.

இந்த இடத்தைப் பலரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லாமல் சொல்லியிருக்கிறேன்.

மேலே நான் மெதுவாக அவர் காதில், “பழைய சிப்பையே மாட்டிட்டுப் போயிரலாமுங்க. ஒரு பெட்டிதானே” என்றேன். “அப்ப ரெட்டைப் புள்ளைல ஒண்ணு எங்க போகுமுங்கண்ணா?” என்று கேட்டுவிட்டு மாஸ்டரிடம் போனார்.

“ஏனுங்க மாஸ்டர், தண்ணி ஒரு டிகிரி கூட இருந்தா, எவ்வளவு நேரம் கூட ஊற வைப்பீங்க?”

“ஒரு நிமிசம்.”

“ரெண்டு டிகிரின்னா?”

“ரெண்டு நிமிசம். இதென்னங்க, ஒண்ணாங் கிளாஸ் கேள்வியாட்ட?”

“இந்த ஒண்ணாங் கிளாஸ் பதிலைத்தானுங்க நீங்க பெட்டிகிட்டச் சொல்லவே இல்ல. உங்க மனசுல வெச்சுக்கிட்டீங்க. அதுக்கு எப்படித் தெரியும்?” ‘டிகிரிக்கு ஒரு நிமிடம்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதச் சொன்னார். பெட்டி ஏற்றுக்கொண்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டது. மாஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப என்ற கருப்பு தப்பில்லையே?”

“கருப்பு அப்பவும் சரி, இப்பவும் சரிங்க” என்றார் மேடம். மாஸ்டர் உடனே ஆளை அனுப்பி எங்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றவர்களில் அவரும் ஒருவர்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசிச் சிப்பும் மாட்டியாகிவிட்டது. கந்தசாமி முதலாளி தானே உட்கார்ந்து அரை டிகிரி எழுதிப் பார்த்தார். இரண்டும் சரி என்றன. டிகிரியையும் நிமிடத்தையும் கூட்டிப் பார்த்தார். இரண்டும் மாட்டேன் என்றன. இனிப்பு வரவழைத்தார். “நாங்க ஒண்ணைச் சொன்னா அது நடந்தே தீருமுங்க” என்று நான் அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தேன். மேடம் நாற்காலியில் சாய்ந்து மைசூர்பாகில் பாதியைக் கிள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களைப்பாக இருந்தார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

சித்திரையில்தான் எனக்குத் தெரிந்தது, அவர் சொன்ன ‘ரிப்பேர்’ இதயத்தில் ஒரு வால்வு என்று. ஐப்பசியில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப் போட்டதில் மறுபடி முறை கிடைக்கச் சித்திரை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “சொல்லியிருக்கலாமில்லீங்க அம்மணி?” என்றேன்.

“சொல்லியிருந்தா? எல்லாப் பட்டறைக்கும் போயி, மேடத்துக்கு லண்டன்ல ஆப்பரேசன்னு சொல்லியிருப்பீங்க.”

சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் மறுபடி வேலைக்கு வந்தார், உங்கள் பட்டறைகளுக்கும் வந்தார். முன்னைவிட மெதுவாக நடந்தார். நானும் அவருக்குத் தெரியாத வியாழக்கிழமைகளை யார் யாருக்கோ மறுபடி கொடுக்க ஆரம்பித்தேன். அதை நிறுத்தவில்லை. உண்மையில் இதுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. ஐப்பசியில் எனக்குத் தெரியாது. சித்திரைக்கு அப்புறம் தெரியுமே.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் போன பிறகு டேவிட் சாரிடம் கேட்டேன், அந்த ஐப்பசியிலேயே ஆப்பரேஷன் செய்திருந்தால் என்று. முழுதாகக் கேட்க முடியவில்லை. அவர் புரிந்துகொண்டார். “நீங்க தீபாவளின்னு வாக்குச் சொல்லாட்டியும் அவ தள்ளித்தாண்ணா போட்டிருப்பா. அவ சுபாவம் அது. நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவியைப் புதைத்துவிட்டு நிற்கும் மனிதர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடந்ததா? இல்லை. நடந்திருக்கலாமா? இருக்கலாம், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அதைச் சொன்னபோது டேவிட் சாரின் குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட குரல். எதிரே இருப்பவன் முகம் தெளிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிற குரல். நாற்பது வருடமாக அதை வைத்துத்தான் நான் பிழைத்திருக்கிறேன். மூன்றாவது வகையை என்னைவிட யாரும் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாது.

பல்லடத்துக்காரரிடம் அந்த வியாழக்கிழமை நானே போனேன். மேடம் வருவதாக நான் சொன்னது மேடத்துக்கே தெரியாது என்று சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மேடம் கொடுத்த ஒரு பொருள் என் மேஜையில் இருக்கிறது. சிப்புகளை மாற்றி முடித்தபோது ஒரே ஒரு பழைய பெட்டியை மட்டும் பழைய சிப்போடு விட்டுவைக்கச் சொன்னார். “ஒண்ணு இருக்கட்டுங்கண்ணா. எது குடுத்தாலும் தலையாட்டறது எப்படி இருக்கும்னு மறந்துறக் கூடாது” என்றார். டிகிரியைக் கொடுத்து நிமிடம் என்று சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். அரையைக் கொடுத்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். அதன் கதவிலும் அதே சிவப்பு வரி இருக்கிறது. அந்த ஒரு கதவில் மட்டும் அது இன்றைக்கும் பொய். உங்கள் பட்டறையில் இருக்கும் கதவுகளில் அது உண்மை. நான் எழுதிவிட்டேன், அவர் நடத்திக் காட்டினார். அதைப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

டேவிட் சார் சொன்ன வாக்கியத்தை அந்தப் பழைய பெட்டியாக இருந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு ஓடும். இத்தனை காலம் நானும் அப்படித்தான் ஓடினேன். இதை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. வகை சேரவில்லை.